குளிர்காலத் தோட்டமும் நாலு மாட்டுக் கொம்பும்

"பனி கொட்டுற ஊர்ல குளிர்காலத்துல தோட்டத்துக்குப் போய் என்னதான் பண்றே?" இதைக் கேக்காத சொந்தக்காரங்க பாக்கியில்லை. நியாயமான கேள்விதான். நவம்பர் பிறந்தா தண்ணிக் குழாயை மூடிருவாங்க. சாயங்காலம் நாலரைக்கே இருட்டு. செடி கொடியெல்லாம் கருகிப்போய் நிக்கும். வாரக் கடைசியில எட்டிப் பாத்துட்டு வந்தா போதும்னுதான் எங்க வீட்டு ரங்கமணியும் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கார். ஆனா எனக்கு இந்த ஊர்த் தோட்டத்துல ரொம்பப் பிடிச்ச காலமே இந்த நாலு மாசம்தான். அதுக்குக் காரணம் ஒரு பாட்டி, அவங்களோட ஒரு வித்தியாசமான விவசாய முறை, மண்ணுக்குள்ள தூங்கற நாலு மாட்டுக் கொம்பு.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். நாங்க இருக்கறது ஜெர்மனியில மியூனிக். அடுக்குமாடி வாசம். இந்த ஊர்ல வீட்டோட தோட்டம் இல்லாதவங்களுக்குன்னு சங்கம் வச்சு, துண்டு துண்டா நிலம் பிரிச்சு வாடகைக்குக் குடுப்பாங்க. 'க்ளைன்கார்ட்டன்'னு பேர். சின்னத் தோட்டம்னு அர்த்தம். இதுக்குன்னே 1983-ல் ஒரு சட்டம் போட்டிருக்காங்க. ஒரு துண்டு 400 சதுர மீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. உள்ள கட்டற குடிசை, தாழ்வாரத்தையும் சேர்த்து 24 சதுர மீட்டர்தான். அதுல குடித்தனம் பண்ணக்கூடாது. நிலத்துல மூணுல ஒரு பங்காவது காய், கனின்னு இருக்கணும். முழுசையும் புல்தரையாக்கி நாற்காலி போட்டு உக்காந்தா சங்கத்துலேருந்து லெட்டர் வந்துரும்.

இடம் கிடைக்கறதுதான் குதிரைக் கொம்பு. வருஷக்கணக்கா வரிசையில காத்திருக்கணும். நானும் பேரைக் குடுத்துட்டுக் காத்திருந்தப்பதான், தனியா ஒரு தோட்டத்தைப் பாத்துக்கிட்டிருந்த பாட்டிக்கு எடுபிடியா போய்ச் சேர்ந்தேன். அவங்க பேர் இங்கே வேணாம், பாட்டின்னே வச்சுக்கலாம். நேர்ல மட்டும் அப்படிக் கூப்பிட்டா அவ்வளவுதான், மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வந்துருவாங்க. எண்பத்தஞ்சைத் தாண்டின உடம்பு. முட்டி ரெண்டும் ஒத்துழைக்கலை. வாய் மட்டும் இருபத்தஞ்சு வயசு.

பாட்டி செய்யறது பயோடைனமிக் முறை. நம்ம ஊர்ல உயிராற்றல் வேளாண்மைன்னு சொல்றாங்க. ருடால்ஃப் ஸ்டைனர்னு ஒரு தத்துவக்காரர். 1924 ஜூன்ல கோபர்விட்ஸ்ங்கிற ஊர்ல ஒரு பண்ணை மாளிகையில எட்டு சொற்பொழிவு குடுத்தார். அந்த ஊர் அப்போ ஜெர்மனியில இருந்துச்சு, இப்போ போலந்துல இருக்கு. அதுலேருந்து கிளம்பினதுதான் இந்த முறை. அவர் விவசாயி இல்லை. அடுத்த மார்ச்ல, அதாவது 1925-ல், இறந்தே போயிட்டார். ஆனா அந்த எட்டு சொற்பொழிவைப் பிடிச்சுக்கிட்டு நூறு வருஷமா ஒரு கூட்டம் விவசாயம் பண்ணுது. 1928-லேருந்து அவங்க விளைச்சலுக்கு 'டிமீட்டர்'னு ஒரு முத்திரையும் இருக்கு.

கேக்கறதுக்கு மாந்திரீகம் மாதிரியே இருக்கும், தயாரா இருங்க. கறவை மாட்டுச் சாணியை மாட்டுக் கொம்புக்குள்ள அடைச்சு, செப்டம்பர் கடைசியில அரை மீட்டர் ஆழத்துல புதைக்கணும். குளிர்காலம் பூரா அது மண்ணுக்குள்ளேயே கிடக்கணும். ஈஸ்டர் வாக்குல தோண்டி எடுத்தா சாணி நாத்தமே இல்லாம, காட்டு மண் வாசனையோட கறுப்பா இருக்கும். அதுல ஒரு கைப்பிடியைத் தண்ணியில போட்டு, சுழி விழற மாதிரி ஒரு பக்கம் சுத்தி, அப்புறம் மறுபக்கம் சுத்தி, ஒரு மணி நேரம் கலக்கித் தெளிக்கணும். இதுக்கு நம்பர் 500.

502-லேருந்து 507 வரைக்கும் எருக்குவியலுக்கான மருந்துகள். யாரோன்னு ஒரு பூ (யாரோ இல்லீங்க, பூ பேரே யாரோ), அதை ஆண் மானோட சிறுநீர்ப்பையில அடைக்கணும். கேமமில் பூவை மாட்டுக் குடல்ல. ஓக் மரப்பட்டையை வீட்டு விலங்கோட மண்டையோட்டுல. லிஸ்ட்டைப் படிச்சுக் காமிச்சப்போ ரங்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருந்த தட்டைத் தள்ளி வச்சுட்டு, "நீ தோட்டம் போடறியா, இல்லே பக்கத்து வீட்டுக்கு ஏவல் வைக்கறியா?"ன்னார்.

ஊருக்கு போன் போட்டு அம்மாகிட்ட சொன்னேன். அம்மாவுக்குச் சாணி ஆச்சரியமா இல்லை. கொம்புதான் இடிச்சுது. "மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயின்ட் அடிச்சுச் சலங்கை கட்டுவோம். அதுக்குள்ள சாணியா அடைப்பாங்க?" மாட்டுப் பொங்கல்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இந்த ஊர் மாட்டுப் பண்ணைகள்ல கன்னுக்குட்டியிலேயே கொம்பைத் தீய்ச்சு எடுத்துடறது சகஜம். டிமீட்டர் பண்ணைகள்ல மட்டும் அது கூடாதுன்னு விதி. நான் இங்கே வந்து முழுக் கொம்போட மாட்டைப் பக்கத்துல பாத்ததே பாட்டி சாணி வாங்கற பண்ணையிலதான். கண்ணு கலங்கிப் போச்சு. காத்து ரொம்பக் குளிர் வேற.

சரி, குளிர்கால வேலைக்கு வருவோம்.

நவம்பர்ல ஊர் பூரா இலை கொட்டும். அடுத்தவங்க மூட்டை கட்டித் தூக்கிப் போடுவாங்க, நாங்க கேட்டு வாங்கிட்டு வருவோம். பாத்தி எதையும் வெறும் மண்ணா விடக்கூடாதுங்கறது பாட்டி சட்டம். காலியான பாத்தியில இலையும் வைக்கோலும் ஒரு முழம் உயரத்துக்குப் போர்த்தணும். எருக்குவியலைப் புரட்டி, மேல வைக்கோல் போட்டு மூடணும்.

ஜனவரி, பிப்ரவரியில பனி உறையாத நாளாப் பாத்து ஆப்பிள் மரத்துக்கும் ப்ளம் மரத்துக்கும் பூச்சு. களிமண், சாணி, மணல் மூணையும் குழைச்சு, அடிமரத்துல பிரஷ்ஷால பூசறது. பகல்ல வெயில் பட்டுப் பட்டை சூடாகி, ராத்திரி திடீர்னு உறைஞ்சா மரம் வெடிச்சுரும். அதைத் தடுக்கத்தான் இது. நம்ம ஊர் சாலையோரப் புளியமரத்துக்கு வெள்ளையடிக்கற மாதிரி, ஆனா வாசனையோட!

அறுவடையும் உண்டுங்க! லீக், களைக்கோஸ், பாஸ்நிப், சுருட்டைக் கீரையான கேல், அப்புறம் ஃபெல்ட்சலாட்னு கரண்டி மாதிரி குட்டி இலையோட ஒரு கீரை. இதெல்லாம் பனியில நின்னாத்தான் ருசி. குளிர் ஏற ஏற இந்தச் செடிங்க தன் உடம்புல சர்க்கரையைக் கூட்டிக்கும். சர்க்கரைத் தண்ணி சீக்கிரம் உறையாது இல்லையா, அதுதான் அதோட ஸ்வெட்டர். அக்டோபர் கேல் கசக்கும். டிசம்பர்ல ரெண்டு பனி வாங்கின கேல்ல தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணினா, முருங்கைக்கீரையே கொஞ்சம் தள்ளி உக்காரும். லீக்கை வட்டமா நறுக்கி வெங்காயத்துக்குப் பதிலா சாம்பார்ல போடலாம். ஃபெல்ட்சலாட்டை மட்டும் உறைஞ்சிருக்கும்போது தொடக்கூடாது. வெயில் வந்து இளகட்டும்னு காத்திருந்து பறிக்கணும். இல்லேன்னா கையில கூழ்தான் மிஞ்சும்.

ஸ்டைனர் ஒரு விஷயம் சொல்லியிருக்கார். குளிர்காலத்துலதான் பூமி உள்ளுக்குள்ள அதிகமா உயிரோட இருக்குங்கறது அவர் கருத்து. கொம்பை அந்தக் காலத்துல புதைக்கறதே அதனாலதான். முதல்ல கேட்டப்போ சிரிச்சேன். போன வருஷம் ஜனவரியில ஒருநாள் மைனஸ் 8 டிகிரி. நடைபாதை மண் பாறையா இருக்கு, கடப்பாரை போட்டா தீப்பொறி பறக்கும் போல. லீக் பிடுங்கறதுக்காகப் பாத்தி வைக்கோலை விலக்கினேன். அடியில மண் பொலபொலன்னு புட்டு மாதிரி இருந்துச்சு. விரலை விட்டா முழுசா இறங்குது. ஒரு மண்புழு வேற சோம்பல் முறிக்குது. வைக்கோலும் மேல விழுந்த பனியும் கம்பளி மாதிரி மண்ணுச் சூட்டைப் பிடிச்சு வச்சிருந்தது. அதுக்குப் பிரபஞ்ச சக்தி எதுவும் தேவையில்லை. ஆனா பாட்டி முறையில வேலை செய்யலைன்னா நான் ஜனவரி மாசம் மண்ணுல விரலை விட்டே பாத்திருக்க மாட்டேன்.

அடுத்தது காலண்டர். மரியா தூன்னு ஒரு அம்மா. 1950-கள்ல முள்ளங்கி விதைச்சு விதைச்சுப் பாத்து, நிலா எந்த நட்சத்திரக் கூட்டத்துல இருக்கோ அதைப் பொறுத்து விளைச்சல் மாறுதுன்னு முடிவுக்கு வந்தவங்க. 1963-லேருந்து வருஷா வருஷம் விதைப்பு காலண்டர் போட்டாங்க. அவங்க 2012-ல் காலமான பிறகும் அது வந்துக்கிட்டிருக்கு. ரிஷபம், கன்னி, மகரத்துல நிலா இருந்தா வேர் நாள். கடகம், விருச்சிகம், மீனம் இலை நாள். மிதுனம், துலாம், கும்பம் பூ நாள். மேஷம், சிம்மம், தனுசு பழ நாள். முதல் தடவை பாத்தப்போ நம்ம ஊர் தினசரி காலண்டரைத்தான் பாக்கற மாதிரி இருந்துச்சு. நமக்கும்தான் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள்னு கிழிக்கிற தாள்ல போட்டிருக்கே!

ஆகா, ரெண்டு கலாச்சாரமும் ஒரே உண்மையைக் கண்டுபிடிச்சிருக்குன்னு ஒரு பதிவு தேத்திரலாம்னு அம்மாவை வாட்ஸப்ல காலண்டர் தாளை அனுப்பச் சொன்னேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வந்தது வினை. ரோகிணி நட்சத்திரம் ரிஷபத்துல இருக்கு. தூன் அம்மா கணக்குப்படி அது வேர் நாள், கேரட் விதைக்கணும். நம்ம காலண்டர்ல ரோகிணி மேல்நோக்கு நாள், மேல வளர்றதைத்தான் விதைக்கணும். மகம், பூரம் ரெண்டும் சிம்மத்துல. அங்கே அது பழ நாள், தக்காளி, மிளகாய்க்கு உகந்தது. இங்கே ரெண்டுமே கீழ்நோக்கு, கிணறு வெட்ட, கிழங்கு நட. ஒரே நிலா, ஒரே இடம், ரெண்டு பேரும் நேர் எதிரா கை காட்டறாங்க!

போன பிப்ரவரியில ஜன்னலோரத் தொட்டியில மிளகாய் விதை போடணும். பாட்டி சிம்ம நாளைத்தான் பாக்கணும்னாங்க. அம்மா அன்னைக்குக் கூடாதுன்னாங்க. கடைசியில ரெண்டு தரப்புக்கும் பொதுவா ஒரு நாள்ல போட்டேன். சனிக்கிழமை. ரங்ஸுக்கு லீவு, மண் மூட்டை தூக்க ஆள் இருந்துச்சு. மிளகாய் காய்ச்சுதான்னு கேக்கறீங்களா? ஊறுகாய் போடற அளவுக்கு.

அப்போ இந்த முறை பூரா டுபாக்கூரான்னா, அப்படியும் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்துல பாஸலுக்குப் பக்கத்துல தெர்வில்ங்கிற ஊர்ல 1978-லேருந்து ஒரு சோதனை நடக்குது. பயோடைனமிக், சாதாரண இயற்கை முறை, ரசாயன முறை மூணையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில போட்டு ஒப்பிடறாங்க. முதல் 21 வருஷத்துக் கணக்கு 2002-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில வந்துச்சு. ரசாயன முறையைவிட மத்த ரெண்டு முறையிலயும் விளைச்சல் சராசரியா 20 சதவீதம் கம்மி. ஆனா உரமும் எரிசக்தியும் 34-லேருந்து 53 சதவீதம் வரைக்கும் கம்மி, பூச்சிமருந்து 97 சதவீதம் கம்மி. மண்ணுல உயிர் அதிகம். ஆனா இதுல கொம்புக்கு மட்டும் தனியா மார்க் போட முடியாது. மட்கின எரு, பயிர் மாத்தற வரிசை எல்லாம் சேர்ந்த கூட்டு மார்க் அது. கொம்புச் சாணியோட அளவைப் பாருங்க, ஒரு ஏக்கருக்கே சில பத்து கிராம்தான். உரம்னு பாத்தா ஒண்ணுமே இல்லை. எங்க துண்டு நிலத்துக்கு அது மூக்குப்பொடி அளவு.

இதெல்லாம் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. வாய்விட்டுப் பேச வேண்டிய கட்டாயம் போன இலையுதிர்காலத்துல வந்தது. பாட்டி தோட்டத்தை விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. வரிசையில என் பேரும் முன்னாடி வந்திருந்துச்சு. பாட்டிகிட்டயே வேலை கத்தவதான்னு சங்கத்துலயும் சரின்னுட்டாங்க. பாட்டி கேட்டது ஒண்ணே ஒண்ணு. "நான் செய்யறதை நீ தொடர்ந்து செய்வியா?" உடனே பதில் சொல்ல வேணாம், யோசிச்சுச் சொல்லுன்னாங்க. அதோட இன்னொண்ணும் சொன்னாங்க. "அதுக்கு முன்னாடி டாகௌவுக்குப் போய்ப் பாத்துட்டு வா. கொட்டடியை மட்டும் பாத்துட்டுத் திரும்பிராதே, தோட்டத்தையும் பாரு."

டாகௌ இங்கேருந்து ரயில்ல இருபது நிமிஷம்தான். நாஜிகளோட வதைமுகாம் இருந்த இடம். அதை ஒட்டி ஒரு பெரிய மூலிகைத் தோட்டம் இருந்தது எனக்குத் தெரியாது. 1938-லேருந்து கைதிகளை வச்சுச் சதுப்பு நிலத்தை வெட்டித் திருத்திப் போட்டது. நடத்தினது எஸ்.எஸ். படையோட நிறுவனம். அங்கே நடந்தது பயோடைனமிக் சாகுபடி. ஸ்டைனரோட ஆன்மிகச் சங்கத்தை 1935-லேயே தடை பண்ணினவங்கதான். பயோடைனமிக் விவசாயிகள் சங்கத்தையும் 1941-ல் மூடினாங்க. ஆனா எஸ்.எஸ். மட்டும் அந்த முறையை விடலை. கிழிஞ்ச துணியோட, பசியோட, மழையிலயும் பனியிலயும் கைதிங்க அங்கே மண் கொத்தினாங்க. பலர் அந்த வேலையிலேயே செத்துப் போனாங்க. கண்ணாடிக் கூடாரங்களோட மிச்சம் இன்னும் நிக்குது. நான் போனது நவம்பர் கடைசி. அரை மணி நேரத்துக்கு மேல நிக்க முடியலை. நான் போட்டிருந்தது நல்ல கம்பளிக் கோட்டு.

இயற்கை விவசாயம் பண்றவன் நல்லவன், மண்ணை நேசிக்கிறவன் மனுஷனையும் நேசிப்பான்னு சுலபமா எழுதிட்டுப் போயிடறோம் இல்லையா, நானே எழுதியிருக்கேன். எருக்குவியலுக்கு அதெல்லாம் தெரியாது. யார் போட்டாலும் மட்கும்.

ஜனவரி கடைசியில பாட்டி வீட்டுச் சமையலறையில உக்காந்து பதில் சொன்னேன். அவங்க லீக் சூப் கிண்டிக்கிட்டிருந்தாங்க. "எரு போடுவேன். மண்ணை வெறுமையா விடமாட்டேன். மரத்துக்குப் பூச்சு பூசுவேன். ரசாயன உரம், மருந்து எதுவும் உள்ள வராது. ஆனா கொம்பு மேலயும் நிலா மேலயும் எனக்கு நம்பிக்கை இல்லைங்க. இருக்குன்னு சொல்லி உங்ககிட்டேருந்து தோட்டத்தை வாங்கிக்க மனசு வரலை."

ரொம்ப நேரம் பேசலை. அடுப்பை அணைச்சாங்க. தட்டு எடுத்து வச்சாங்க. அப்புறம், "என் வீட்டுக்காரரும் நம்பலை. நாப்பது வருஷம் குழி மட்டும் வெட்டிக் குடுத்தார்"னாங்க. சிரிக்கறதா வேணாமான்னு தெரியலை எனக்கு. "டாகௌ பத்திக் கேட்டுட்டு நிறையப் பேர் இதை விட்டுட்டாங்க. இன்னும் சில பேர் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கற மாதிரி இருக்காங்க. நான் தெரிஞ்சுதான் செய்யறேன்"னாங்க. கடைசியா, "இந்த ஈஸ்டருக்கு மட்டும் கொம்பைத் தோண்டிக் குடு. நான் உக்காந்துக்கிட்டே கலக்கிக்கறேன். அதுக்கப்புறம் உன் தோட்டம், உன் இஷ்டம்."

முகத்துல வருத்தம் இருந்துச்சு. அதை மறைக்கவும் இல்லை. எனக்கும் சூப் இறங்கலை. ஆனா பொய் சொல்லிட்டு வந்திருந்தா வருஷா வருஷம் செப்டம்பர்ல அந்தக் குழிகிட்ட நிக்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாத்தேன். இது தேவலை.

இப்போ பிப்ரவரி. தோட்டம் சட்டப்படி என் பேருக்கு மாறிருச்சு. ப்ளம் மரத்துக்கு ஒரு கோட் பூச்சு ஆயிருச்சு, ஆப்பிள் பாக்கி. நாலு கொம்பும் குச்சி நட்ட இடத்துல, பனிக்கு அடியில இருக்கு. ஈஸ்டருக்குத் தோண்டிக் குடுப்பேன், கலக்கும்போது வாளியையும் பிடிச்சுப்பேன். அடுத்த செப்டம்பர்ல குழி வெட்டுவியான்னு ரங்ஸ் கேக்கறார். பாட்டி நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா வெட்டுவேன்னு நினைக்கறேன். அவங்க வீட்டுக்காரர் செஞ்ச மாதிரி, குழி மட்டும்.

மிளகாய் விதையை நேத்துதான் தொட்டியில போட்டேன். என்ன நட்சத்திரம்னு பாக்கலை. அம்மாகிட்ட சொல்லிராதீங்க.